மாநகராட்சிப் பள்ளிக்கு அடுத்த ரூபாய்: கட்டடமா, தனியார் இருக்கையா, வாசிப்பு வகுப்பா?

சென்னை மாநகராட்சி நடத்தும் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் ‘சென்னைத் தொடக்கப் பள்ளி’, ‘சென்னை நடுநிலைப் பள்ளி’, ‘சென்னை மேல்நிலைப் பள்ளி’ என்று எழுதி, அதை அடுத்து அந்தந்தப் பகுதியின் பெயரைச் சேர்த்திருப்பார்கள். 2011ஆம் ஆண்டு மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. புதிதாகச் சேர்ந்த பகுதிகளில் ஊராட்சி ஒன்றியத்தின் கீழும் அரசின் கீழும் இயங்கிய பள்ளிகள் 2022ஐ ஒட்டி மாநகராட்சியிடம் வந்து சேர்ந்ததால், பள்ளிகளின் எண்ணிக்கை 400ஐத் தாண்டிவிட்டது. இவற்றின் தரத்தை உயர்த்த வேண்டும் என்பதில் மாமன்றத்தில் எந்தக் கட்சிக்கும் கருத்து வேறுபாடு இருப்பதாகத் தெரியவில்லை. கையில் இருக்கும் நிதியை முதலில் எதில் போடுவது என்று கேட்கும்போதுதான் ஆளுக்கொரு விடை வருகிறது. புதிய கட்டடமும் திறன்மிகு வகுப்பறையும் வேண்டும் என்பார் ஒருவர். ஏழைக் குழந்தைகளுக்குத் தனியார் பள்ளியில் இடம் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்பார் மற்றொருவர். ஆங்கில வழிப் பிரிவைப் பெருக்கினால் போதும் என்பவர்களும் உண்டு. வாசிக்கத் தெரியாத குழந்தையை வாசிக்க வைப்பதே முதல் வேலை என்று சொல்லும் ஆசிரியர்களின் குரல் இந்தச் சந்தடியில் அவ்வளவாகக் கேட்பதில்லை. இந்த வழிகளை ஒன்றுக்கு எதிரே ஒன்றை வைத்து எடை போட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

எடை போட ஓர் அளவுகோல் வேண்டும். பத்தாம் வகுப்பின் தேர்ச்சி விழுக்காட்டை அளவுகோலாகக் கொள்வதே வழக்கம். ஆனால் அந்த எண் பத்தாண்டுகளாக நடந்ததை மொத்தமாகச் சேர்த்துச் சொல்வதால், எந்த ஆண்டில் எது தவறியது என்பதை அதிலிருந்து பிரித்தறிய முடியாது. ஆகவே நான் கீழ்நிலையில் நிற்கும் எளிய அளவுகோல் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்பை முடிக்கும் குழந்தை, முன்பின் பார்த்திராத ஒரு பத்தியை வாசித்து அதில் என்ன இருக்கிறது என்று தன் சொல்லில் சொல்ல வேண்டும். கடையில் 100 ரூபாயை நீட்டி 63 ரூபாய்க்குப் பொருள் வாங்கினால் மீதி எவ்வளவு வர வேண்டும் என்று தானே கணக்கிட வேண்டும். இந்த இரண்டும் வராத குழந்தைக்கு ஆறாம் வகுப்பின் அறிவியல் பாடநூல் அச்சடித்த தாள்தான். கிராமப்புறத்தில் இந்த அளவுகோலைக் கொண்டு வீடு வீடாகச் சென்று சோதிக்கும் ‘அசர்’ ஆய்வு 2005 முதல் நடந்து வருகிறது. பெயரிலேயே கிராமப்புறம் என்று வரையறுத்துக்கொண்ட அந்த ஆய்வு சென்னைக்குள் வருவதில்லை. நகரத்துப் பிள்ளை எப்படியும் கிராமத்துப் பிள்ளையைவிட நன்றாகப் படித்துவிடும் என்ற நம்பிக்கை நமக்குள் ஊறிப்போயிருப்பதற்கு, அதைச் சோதித்துச் சொல்ல அப்படியோர் ஆண்டுக் கணக்கு இல்லாததும் ஒரு காரணம்.

மாநகராட்சிப் பள்ளிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை என்று எண்ணினால் எந்த ஒப்பீடும் பிழையாகிவிடும். ஜார்ஜ் டவுன், திருவல்லிக்கேணி போன்ற பழைய பகுதிகளில் குடியிருப்புகள் கடைகளாகவும் கிடங்குகளாகவும் விடுதிகளாகவும் மாறி வந்ததால், பெரிய கட்டடத்துக்குள் சிறிய பள்ளி இயங்கும் நிலை உருவாகியிருக்கிறது. கூவம் கரையிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் குடியமர்த்தப்பட்டன. பெருந்தொகையான குடும்பங்கள் மாநகராட்சி எல்லைக்கு அப்பால் இருக்கும் பெரும்பாக்கத்துக்குப் போயின. அங்கே அடுக்குமாடிகள் எழுந்த வேகத்தில் வகுப்பறைகள் எழவில்லை. எனவே ஒரே நகரத்தில் ஒருபுறம் குழந்தை குறைந்த பள்ளிக்கும், மறுபுறம் இடம் போதாத பள்ளிக்கும் சேர்த்து ஒரே திட்டத்தைத் தீட்ட வேண்டியிருக்கிறது.

குழந்தை குறைந்த பள்ளியில் ஆசிரியருக்கு வேலை எளிது என்று வெளியிலிருந்து பார்ப்பவர் நினைக்கலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூன்று ஆசிரியர்கள், 91 முதல் 120 வரை நான்கு ஆசிரியர்கள். அதாவது 50 குழந்தைகள் படிக்கும் பள்ளியில் ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் நடத்த வேண்டும். ஆசிரியருக்கு 25 குழந்தைகள் என்ற விகிதம் தாளில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த 25 பேரில் எழுத்தே அறியாத ஒன்றாம் வகுப்புக் குழந்தையும் மூன்றாம் வகுப்புக் குழந்தையும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு ஆசிரியர்களில் ஒருவர் பயிற்சிக்கோ, வாக்காளர் பட்டியல் வேலைக்கோ, பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் ‘எமிஸ்’ இணையதளத்தில் விவரம் ஏற்றவோ போய்விட்டால் அன்றைக்கு அந்தப் பள்ளி ஓராசிரியர் பள்ளி. எந்த வழியைப் பரிந்துரைத்தாலும் அது இந்த அறைக்குள் என்ன செய்யும் என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

முதலில் கட்டடமும் கருவியும். மத்திய அரசின் ‘சிட்டிஸ்’ திட்டத்தின் கீழ், பிரெஞ்சு வளர்ச்சி முகமையின் நிதியுதவியோடு 28 சென்னைப் பள்ளிகளைப் புதுப்பிக்கும் பணி எடுத்துக்கொள்ளப்பட்டது. வண்ணம் பூசிய வகுப்பறை, விளையாட்டுத் திடல், திறன்மிகு பலகை என்று பெற்றோரின் கண்ணுக்கு உடனே தெரியும் மாற்றங்கள் இத்தகைய திட்டத்தால் வருகின்றன. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்காத வளாகமும், தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறையும் பெண் குழந்தைகளின் வருகையோடு நேரடியாகத் தொடர்புடையவை என்பதால், அவற்றை ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. கட்டடம் புதிதானால் சேர்க்கை கூடும் என்று தலைமை ஆசிரியர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பள்ளியை நம்பி வராத குழந்தைக்கு எதையும் கற்பிக்க முடியாது அல்லவா.

கருவியின் கதை வேறு. பெரு நாட்டில் கிராமப்புறக் குழந்தைகளுக்கு ஆளுக்கொரு மடிக்கணினி கொடுத்து ஆராய்ந்தபோது, மொழியிலும் கணக்கிலும் மதிப்பெண் உயரவில்லை. நம் அனுபவத்துக்கு நெருக்கமானது வதோதராவில் நடந்தது. குஜராத் அரசு அந்நகரின் மாநகராட்சிப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தலா நான்கு கணினிகளைக் கொடுத்திருந்தது. 2002இல் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு கணக்கெடுத்தபோது தொடக்க வகுப்புக் குழந்தைகள் அவற்றை ஏறத்தாழத் தொடவே இல்லை என்பது தெரிந்தது. அதே கணினிகளில் குழந்தையின் நிலைக்கேற்ற கணக்கு விளையாட்டுகளை ஏற்றி, வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்று நேரம் ஒதுக்கி, உடன் இருந்து உதவ ஓர் ஆளையும் அமர்த்திய பிறகு, நான்காம் வகுப்பின் கணக்கு மதிப்பெண் இரண்டாம் ஆண்டில் 0.47 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) உயர்ந்தது. நூறு பேரில் ஐம்பதாம் இடத்தில் நின்ற குழந்தை ஏறக்குறைய 32ஆம் இடத்துக்கு முன்னேறுவதற்கு இது சமம். டெல்லியில் ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற மென்பொருளைப் பள்ளி நேரத்துக்குப் பின் நாளொன்றுக்கு 90 நிமிடம் பயன்படுத்திய நடுநிலை வகுப்பு மாணவர்கள், நாலரை மாதத்தில் கணிதத்தில் 0.37, ஹிந்தியில் 0.23 திட்ட விலக்கம் முன்னேறியதாக 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த 90 நிமிடத்தில் பாதி நேரம் சிறு குழுவாக அமர்ந்து உதவியாளர் ஒருவரிடம் கற்பதற்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

வதோதராவிலும் டெல்லியிலும் பலன் தந்த கருவிகள் இரண்டுக்கும் பொதுவான பண்பு ஒன்று உண்டு. குழந்தை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்று பாராமல், எந்த நிலையில் நிற்கிறது என்று பார்த்து அங்கிருந்து அவை தொடங்கின. சுவரில் பொருத்திய திறன் பலகை இதற்கு நேர்மாறானது: ஒரே காணொளி, ஒரே வேகம், நாற்பது குழந்தைகள். ஐந்தாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தெரியாமல் கடைசி வரிசையில் இருக்கும் குழந்தைக்குக் கரும்பலகையில் எட்டாதது ஒளிரும் பலகையில் மட்டும் எட்டிவிடாது. தமிழ்நாடு அரசு தொடக்கப் பள்ளிகளில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட திறன்மிகு வகுப்பறைகளை அமைக்கும் திட்டத்தை நடைமுறைப்படுத்தியிருக்கிறது. அந்தத் திரைகள் இனி இருக்கத்தான் போகின்றன. ஆகவே மாநகராட்சி தன் அடுத்த நிதியைக் கொண்டு மேலும் திரைகளை வாங்குவதைவிட, இருக்கும் திரையை எதற்குப் பயன்படுத்துவது என்று யோசிப்பதே பொருத்தம்.

தனியார் பள்ளி இருக்கை என்ற வழியை ஆதரிப்பவர்கள் கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவைச் சுட்டுவார்கள். சிறுபான்மையினர் நடத்தாத, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் தம் நுழைவு வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த பிரிவினரின் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும்; கட்டணத்தை அரசு ஈடு செய்யும். தமிழ்நாட்டில் இது 2013–14 முதல் நடைமுறைக்கு வந்தது. வீட்டு வேலை செய்யும் தாய் ஒருவருக்குத் தன் மகன் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வேனில் ஏறுவது என்ன பொருள் தரும் என்பதை உணராமல் இந்த வழியை இகழ்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தத் தாயின் தெரிவு, பக்கத்துத் தெரு மாநகராட்சிப் பள்ளியைப் பற்றி அவர் எழுதிய மதிப்பீடும் ஆகும்.

ஆயினும் நகரக் கல்வியின் தரத்தை உயர்த்தும் வழியாக இதைக் கொள்வதில் இரண்டு தடைகள் உள்ளன. முதல் தடை பலனைப் பற்றியது. ஆந்திரப் பிரதேசத்தின் 180 கிராமங்களில் குலுக்கல் முறையில் குழந்தைகளைத் தேர்ந்து தனியார் பள்ளிக்கு அனுப்பி நான்காண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வைப் பொருளியல் ஆய்வாளர்களான கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 2015இல் வெளியிட்டனர். தனியார் பள்ளிக்குப் போனவர்களுக்கும் அரசுப் பள்ளியிலேயே இருந்தவர்களுக்கும் தெலுங்கிலும் கணிதத்திலும் வேறுபாடு இல்லை. அரசுப் பள்ளிகளில் கற்பிக்காத ஹிந்தியில் மட்டும் முன்னவர்கள் தெளிவாக முந்தினர். நேர்மையாகச் சொல்வதானால், அந்தத் தனியார் பள்ளிகள் அரசுப் பள்ளியின் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே செலவழித்து அதே பலனைத் தந்தன என்பதையும் அந்த ஆய்வு சொல்கிறது. அதை எடுத்துக்காட்டி, சிக்கனம் கருதியாவது இந்த வழியைத் தேர்ந்தெடுக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. அந்தச் சிக்கனத்தின் பெரும்பகுதி மிகக் குறைந்த ஊதியத்துக்கு வேலை பார்க்கும் ஆசிரியைகளின் முதுகில் ஏற்றப்பட்டது என்பதால், அதை ஒரு நகராட்சி தன் கொள்கையாகப் பின்பற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தவிர, மாநகராட்சிப் பள்ளியில் ஏற்கெனவே மூன்றாம் வகுப்பில் இருக்கும் குழந்தைக்கு இந்த வழியில் எதுவும் கிடையாது. நுழைவு வகுப்போடு கதவு மூடிவிடும்.

இரண்டாவது தடை, திறவுகோல் உள்ளூரில் இல்லாதது. ஒன்றிய அரசுக்கும் மாநில அரசுக்கும் இடையே ஒருங்கிணைந்த கல்வித் திட்ட நிதியைப் பற்றி எழுந்த பூசலில், 2025–26ஆம் கல்வியாண்டுக்கான இந்தச் சேர்க்கை உரிய காலத்தில் தொடங்கவே இல்லை. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. பள்ளி திறந்து மாதங்கள் கழிந்த பிறகே சேர்க்கை நடந்தது. மாநகராட்சியின் கையில் இல்லாத ஒரு வழியை மாநகராட்சிப் பள்ளியின் மேம்பாட்டுத் திட்டமாக எழுதி வைப்பதில் பயனில்லை.

ஆங்கில வழியைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. அரசுப் பள்ளிகளில் 2012–13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டதன் நோக்கம் சேர்க்கை சரிவதைத் தடுப்பது. அந்த அளவில் அதற்கு ஒரு பயன் இருந்திருக்கும். ஆனால் மேலே சொன்ன ஈராசிரியர் பள்ளியில் தமிழ் வழி, ஆங்கில வழி என்று பிரித்தால் பத்து வகுப்புகளை இரண்டு பேர் நடத்த நேரும். நடைமுறையில் இரு பிரிவும் ஒன்றாக அமர்த்தப்பட்டு, பாடநூல் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும். வீட்டில் யாரும் பேசாத மொழியில் வாசிக்கத் தொடங்கும் குழந்தைக்கு எழுத்தைக் கூட்டும் பாடு ஒன்று, கூட்டிய சொல்லுக்குப் பொருள் தேடும் பாடு இன்னொன்று.

வாசிப்பு வகுப்புக்கு வருவோம். இது சென்னைக்கு வெளியிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றன்று. சென்னை மாநகராட்சியே இதில் நாட்டுக்கு முன்னோடியாக இருந்த காலம் ஒன்று உண்டு. 2003ஆம் ஆண்டு மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார், ஆந்திரப் பிரதேசத்தில் உள்ள ரிஷி வேலி பள்ளியின் கிராமக் கல்வி மையம் உருவாக்கிய முறையைத் தழுவி, 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். பாடநூல் போய் அட்டைகள் வந்தன. ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் ஏணிப்படி சுவரில் ஒட்டப்பட்டது. குழந்தை தான் நிற்கும் படியைத் தானே பார்த்து, அதற்குரிய அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துவந்து, தரையில் குழுவாக அமர்ந்து வேலை செய்தது. ஆசிரியரும் நாற்காலியை விட்டுத் தரைக்கு வந்தார். குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகைகள் சுவரைச் சுற்றி அமைந்தன. வரைந்ததையும் எழுதியதையும் தொங்கவிடத் தலைக்கு மேலே கம்பிப் பந்தல் கட்டப்பட்டது. முதலில் மாநகராட்சிப் பள்ளிகள் அனைத்துக்கும், பிறகு 2007–08இல் மாநிலத்தின் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் இம்முறை பரவியது. பல வகுப்புக் குழந்தைகள் ஒரே அறையில் இருப்பதைக் குறையாகக் கருதாமல், அதை அடிப்படையாகவே வைத்துக்கொண்டு வகுத்த முறை இது என்பதால், ஈராசிரியர் பள்ளிக்கு இதைவிடப் பொருந்தும் வடிவம் ஒன்றை நினைத்துப் பார்ப்பது கடினம்.

ஏன் அது தேய்ந்தது என்பதை மறைக்கக் கூடாது. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. மாற்று அட்டைகள் நேரத்துக்கு வராத பள்ளிகளில் ஏணி நடுவில் படி இழந்து நின்றது. நாற்பது குழந்தைகள் நாற்பது படிகளில் நிற்கும்போது ஒவ்வொருவரின் அருகிலும் உட்காருவதற்கு ஆசிரியருக்கு நேரம் போதவில்லை. குழந்தை அட்டையைப் புரட்டிக்கொண்டிருப்பதையே கற்றல் என்று எண்ணிக்கொள்ளும் ஆபத்தும் இருந்தது. வீட்டுக்கு எடுத்துப் போகப் புத்தகம் இல்லாததைப் பெற்றோர் விரும்பவில்லை. கொரோனாவுக்குப் பின் 2022 ஜூனில் அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் இந்த அனுபவத்திலிருந்து ஒரு பாடம் கற்றிருக்கிறது என்றே தோன்றுகிறது. நாற்பது படிகளுக்குப் பதிலாக அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றே நிலைகள். குழந்தையின் கையில் பயிற்சி நூல். ஆசிரியருக்கு வழிகாட்டி நூல். கொள்கை அதுவே, வடிவம் எளிது.

இம்முறைக்கு ஓர் ஆளைக் கூடுதலாகச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு மும்பை, வதோதரா மாநகராட்சிப் பள்ளிகள் விடை தந்திருக்கின்றன. மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய குழந்தைகளை இருபது பேர் வரை தனியே பிரித்து, பள்ளி நேரத்துக்குள்ளேயே நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம், அதே பகுதியில் வசிக்கும் இளம்பெண் ஒருவர் அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்பித்தார். ‘பால்சகி’ என்று அவரை அழைத்தார்கள். பொருளியல் அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் ஆராய்ந்த இத்திட்டத்தில் இரண்டாம் ஆண்டின் முடிவில் சராசரி மதிப்பெண் 0.28 திட்ட விலக்கம் உயர்ந்தது. உயர்வின் பெரும்பகுதி வகுப்பின் கடைசி வரிசைக் குழந்தைகளால் வந்தது. கணினிக் கணக்கின் உயர்வோடு ஒப்பிட்டால் இது குறைவு. ஆனால் கணினி கணக்கை மட்டுமே தொட்டது. பால்சகி மொழியையும் தொட்டார். குழந்தை ஒன்றுக்கு ஆன செலவும் பால்சகிக்கே குறைவு. திட்டம் நின்று ஓராண்டு கழித்துச் சோதித்தபோது இரண்டு வழிகளிலும் கிடைத்த முன்னேற்றம் பெரிதும் கரைந்துபோயிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஓராண்டுத் திருவிழாவாக நடத்தினால் பலன் தங்காது.

தமிழ்நாட்டிலேயே இதற்கு இணையான சான்று உண்டு. 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்குத் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் கற்பித்தார்கள். மாநிலத்தின் கிராமப்புறங்களில் கொரோனாவுக்கு முன்னும் பின்னும் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைச் சோதித்த ஆய்வொன்று, பள்ளிகள் மூடியிருந்ததால் ஏற்பட்ட இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் மீண்டது என்றும், அந்த மீட்சியில் 24 விழுக்காடு இத்திட்டத்தால் வந்தது என்றும் கணித்தது. பின்னர் திட்டம் படிப்படியாகச் சுருக்கப்பட்டது. சென்னையில் இதை அப்படியே மாலை வகுப்பாக மீண்டும் நடத்த முடியுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. கிராமத்தில் கோவில் திண்ணையோ சமுதாயக் கூடமோ கிடைக்கும். ஒற்றை அறை வீடுகளும் குறுகிய சந்துகளுமான புளியந்தோப்பிலோ வியாசர்பாடியிலோ இருபது குழந்தைகளை எங்கே உட்கார வைப்பது? இருட்டிய பிறகு பெண் குழந்தையை அனுப்பத் தயங்கும் தாயை யார் குறை சொல்ல முடியும்? எனவே நகரத்தில் இந்தக் கூடுதல் ஆள் பள்ளி நேரத்துக்குள், பள்ளிக்குள்ளேயே வர வேண்டும்.

ஆசிரியருக்குப் பயிற்சி மட்டும் போதாதா, கூடுதல் ஆள் எதற்கு என்று நிதித் துறை கேட்கும். பிரதம் அமைப்பு பல மாநிலங்களில் செய்து பார்த்த சோதனைகள் இதற்கு விடை சொல்லியிருக்கின்றன. பீகாரிலும் உத்தராகண்டிலும் ஆசிரியருக்குப் பயிற்சியும் கருவிகளும் மட்டும் கொடுத்தபோது பள்ளி நாளில் ஏறக்குறைய எந்த மாற்றமும் நிகழவில்லை. ஆசிரியர் பாடத்திட்டத்தை முடிக்கும் ஓட்டத்துக்கே திரும்பிவிட்டார். ஹரியானாவில் நாளில் ஒரு மணி நேரம் இதற்கென்றே ஒதுக்கி, வகுப்பு வேறுபாடின்றி நிலைவாரியாகக் குழந்தைகளைப் பிரித்து, மேற்பார்வையாளர்களும் உடன் நின்றபோது ஹிந்தி வாசிப்பு முன்னேறியது. கணக்கில் முன்னேற்றம் இல்லை. நேரம் ஒதுக்காத திட்டம் நடக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

லண்டன் மாநகரம் சென்ற வழியையும் இந்த ஒப்பீட்டில் சேர்க்க வேண்டும். ‘இன்னர் லண்டன்’ எனப்படும் நகரின் உட்பகுதியின் உயர்நிலைப் பள்ளிகள் இங்கிலாந்திலேயே பின்தங்கியவை என்று பேசப்பட்ட நிலையில், 2003இல் ‘லண்டன் சேலஞ்ச்’ என்ற பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. கல்வியாளர் டிம் பிரிக்ஹவுஸ் அதை முன்னின்று நடத்தினார். மாணவர்களின் பின்னணியில் ஒத்திருக்கும் பள்ளிகளை ஒரு குடும்பமாகச் சேர்த்து, அவற்றின் தேர்ச்சியை ஒன்றுக்கொன்று ஒப்பிட்டுக் காட்டினார்கள். ‘எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு இவ்வளவுதான் வரும்’ என்று சொன்ன தலைமை ஆசிரியரிடம், அதே வறுமையில் உள்ள இன்னொரு பள்ளியைக் காட்டி, அங்கே போய்ப் பார்த்து வரச் சொன்னார்கள். தடுமாறும் பள்ளிக்குத் தேர்ந்த தலைமை ஆசிரியர் ஒருவர் துணையாக அனுப்பப்பட்டார். 2011இல் திட்டம் முடிவதற்குள் லண்டன் நாட்டின் பிற பகுதிகளை முந்திவிட்டது. அந்தப் புகழ் முழுவதும் இத்திட்டத்துக்கு உரியதா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒற்றுமை இல்லை: தொடக்கப் பள்ளிகளில் 1990களின் பிற்பகுதியிலேயே முன்னேற்றம் தொடங்கிவிட்டது என்று ஒரு சாரார் காட்டினர், குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பெருகியதே காரணம் என்று பொருளியல் ஆய்வாளர் சைமன் பர்ஜஸ் வாதிட்டார். எனினும் செலவு குறைந்த இந்த ஒப்பீட்டு முறையைச் சென்னை எடுத்துக்கொள்ளலாம். மண்டலங்களாகப் பிரித்து ஆய்வுக் கூட்டம் நடத்துவதைவிட, துறைமுகத்தை ஒட்டிய பள்ளிகள், மறுகுடியமர்வுப் பகுதிப் பள்ளிகள், வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகள் என்று குடும்பமாகச் சேர்த்தால், தலைமை ஆசிரியர்களுக்குள் பேசிக்கொள்ளப் பொருள் இருக்கும். வாசிப்பு வகுப்புக்கு இது மாற்று ஆகாது; அதைச் சரியாக நடத்துகிறோமா என்று பார்க்க உதவும் கண்ணாடி.

காலை உணவை இந்தப் பட்டியலில் ஒரு தெரிவாக நான் வைக்கவில்லை. அது எல்லாத் தெரிவுக்கும் கீழே இருக்கும் தரை. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. நூறாண்டுக்குப் பின் 2022 செப்டம்பர் 15 அன்று மாநில அரசின் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. விடியற்காலையில் துப்புரவுப் பணிக்கோ மீன் சந்தைக்கோ போய்விடும் தாயின் குழந்தை, பசியோடு எந்த ஏணியிலும் ஏறாது. இதில் வெட்டி அதில் போடலாம் என்ற பேச்சுக்கே இடம் கொடுக்கக் கூடாது.

ஆக என் வரிசை இது. கூரை ஒழுகும் பள்ளி, பயன்படுத்தும்படியான கழிப்பறை இல்லாத பள்ளி, இடம் போதாமல் குழந்தைகளைத் தாழ்வாரத்தில் உட்கார வைக்கும் மறுகுடியமர்வுப் பகுதிப் பள்ளி ஆகியவற்றுக்கு முதல் ரூபாய் கட்டடத்துக்கே போக வேண்டும். அங்கே நான் வாசிப்பு வகுப்பை முன்னிறுத்திப் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். எஞ்சிய பள்ளிகளில் மூன்று முதல் ஐந்து வரையான வகுப்புகளுக்கு நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் நிலைவாரி வாசிப்புக்கும் கணக்குக்கும் என்று கால அட்டவணையிலேயே ஒதுக்கி, பள்ளிக்கு ஒரு துணை ஆசிரியரை அமர்த்துவதே அடுத்த ரூபாய்க்கு உரிய இடம். முதல் ஆண்டு எல்லாப் பள்ளியிலும் தொடங்கத் தேவையில்லை. 60 குழந்தைகளுக்கும் குறைவான ஈராசிரியர் பள்ளிகளில் தொடங்கினால், அதே ஆளால் அந்தப் பள்ளி மூவாசிரியர் பள்ளியாகவும் ஆகிவிடும்.

இதற்கு எதிராக வரக்கூடிய வலுவான வாதம் ஊதியத்தைப் பற்றியது. கட்டடம் ஒருமுறைச் செலவு. ஆள் என்பது ஆண்டுதோறும் வரும் செலவு. பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியும், மாமன்ற உறுப்பினரின் வட்ட மேம்பாட்டு நிதியும் கல்வெட்டுப் பதிக்கக்கூடிய பொருளையே நாடுகின்றன. ஐந்தாம் வகுப்புக் குழந்தை ஒரு பத்தியை வாசித்துவிட்டதன் மேல் யாரும் பெயர் பொறிக்க முடியாது. ஆகையால் துணை ஆசிரியரின் ஊதியம் மாநகராட்சியின் கல்விக்கான வரவு செலவுத் திட்டத்திலேயே தனித் தலைப்பாக நிற்க வேண்டும். அந்தத் தொகை மாதம் 1,000 ரூபாயாக இருந்தால், நான் தனியார் பள்ளியின் சிக்கனத்தைக் குறை கூறியதற்குப் பொருள் இல்லாமல் போகும். பட்டம் பெற்ற, அதே குடியிருப்பில் வசிக்கும், வேலை தேடும் இளம்பெண்ணுக்கு அரைநாள் வேலைக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியாவது தர வேண்டும். தற்காலிகப் பணியிடம் என்ற பெயரில் நிரந்தர ஆசிரியர் பணியிடங்களை நிரப்பாமல் விடுவதற்கு இது சாக்காகவும் ஆகக் கூடாது. ஆசிரியர் சங்கங்கள் இந்த அச்சத்தை எழுப்பினால் அதில் உண்மை இருக்கிறது என்றே நான் கருதுவேன். நிரந்தரப் பணியிடம் காலியாக உள்ள பள்ளிக்குத் துணை ஆசிரியரை அனுப்புவதில்லை, காலியிடத்தை நிரப்பிய பிறகே அனுப்புவது என்ற விதியை ஆணையிலேயே எழுதிவிட்டால் அந்த அச்சம் பெருமளவு அடங்கும்.

பலனைச் சோதிக்கும் முறையையும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். ஜூன் மாதத்தில் ஒரு முறை, டிசம்பரில் ஒரு முறை, ஏப்ரலில் ஒரு முறை. ஒவ்வொரு குழந்தையிடமும் ஒரு பத்தியும் நான்கு கணக்கும் கொண்ட ஒரே தாள். அதை அந்தப் பள்ளியின் ஆசிரியர் நடத்தாமல், பள்ளிக் குடும்பத்தின் மற்றொரு பள்ளியிலிருந்து வரும் ஆசிரியர் நடத்தட்டும். விவரத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோர்களுக்கு வாசித்துக் காட்டட்டும்; பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தி நாளிதழுக்குக் கொடுக்க வேண்டாம். அப்படிக் கொடுக்கத் தொடங்கிய மறு ஆண்டே, வாசிக்கத் தெரியாத குழந்தைகள் சோதனை நாளன்று விடுப்பில் இருப்பார்கள்.